யாருக்கு இடப்பக்கம்?

இடப்பக்கத்துக் கூடு என்றுதான் உதவிக்கு நிற்கும் பூதத்தான் சொன்னான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை, ஆனால் யாருக்கு இடப்பக்கம்... கரையில் நின்று கத்தியவன் அவன், இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்க் கருவேல மரத்தில் மறுபக்கமாக ஏறியவர் எபனேசர், ஒருவருக்கு இடம் என்றால் எதிரே நிற்பவருக்கு வலம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததுதானே, பதினேழு வருஷமாக இந்தச் சின்னப் பறவைச் சரணாலயத்தில் காவல் பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. மத்தியானச் சுழற்காற்றில் மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து விழுந்ததைப் பார்த்தவன் பூதத்தான் மட்டும்தான். "அண்ணாச்சி, எடப்பக்கத்துக் கூடு, எடப்பக்கம் வையும்" என்று அவன் கத்தவும், குஞ்சைத் துண்டில் பொதிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு கிளையில் தொங்கியபடியே இவர் கணக்குப் போட்டார், அவனுக்கு இடம், அப்போ எனக்கு வலம், வலப்பக்கக் கூட்டில் வைத்துவிட்டார். அதற்குள் ஏற்கெனவே இரண்டு வெள்ளைக் குஞ்சுகள் இருந்தன, மற்றக் கூடு கிளை மறைப்பில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. கரையேறி லுங்கியைப் பிழியும்போதுதான் பொட்டென்று மண்டையில் உறைத்தது, இந்தக் கணக்கை அவனே போட்டு, எனக்காக மாற்றிச் சொல்லியிருந்தால்?

பூதத்தான் அம்மன் கோயில் கொடைக்குப் போய்விட்டான். சித்திரையில் குஞ்சுகள் கூட்டில் இருக்கும், அதனால் இந்த ஊர்க் கொடையில் வேட்டுப் போடுவதில்லை, மேளம் மட்டும்தான், அந்த மேளச் சத்தத்துக்கு நடுவில் மூன்றாவது தடவைக்குத்தான் போனை எடுத்தான். ஏலே, நீ சொன்னது உனக்கு எடமா எனக்கு எடமா என்று கேட்டால், "இப்பப் போயிக் கேக்கேரே அண்ணாச்சி... உமக்குத் தோதா மாத்திச் சொன்னேன்னுதான் நெனக்கேன்... இல்ல, அவசரத்துல அப்படியே கத்திட்டனோ? எதுல வச்சா என்னவே, ரெண்டும் நாரைதான, தீனி குடுக்கும். வையும், மேளம் அடிக்கான்." வைத்துவிட்டான். தீனி கொடுக்குமாம், இவன் கண்டான்! கொடுக்காமல் கொத்தித் தள்ளிவிட்டால்? மறுபடி ஏறிப் பார்க்கவும் முடியாது, ஒரு மரத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறலாம், ஏறினதில் வெருண்டு போன தாய்ப் பறவைகளே இன்னும் திரும்பவில்லை, மணி ஐந்தாகப் போகிறது, வெயில் அனலாக அடிக்கிறது, இரை இல்லாமல் ராத்திரி போனால் அந்தக் குஞ்சு விடியலைப் பார்க்காது. பங்குனியிலேயே வரித்தலை வாத்துகள் வடக்கே போய்ச் சேர்ந்தாயிற்று, தண்ணீர் வற்றி நடுக்குளத்தில் கூழைக்கடாக்கள் சேற்றைக் கலக்கிக்கொண்டிருக்கின்றன, கெளுத்திக்கு அடிதடி. கரையில் நாலு எட்டு நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். ஒரு குஞ்சுக்குப் போய் ஏன் இப்படி... எத்தனையோ விழும், எத்தனையோ சாகும், இன்றைக்கு மட்டும் என்ன வந்தது எனக்கு?

எட்டு வயதில் அவரையும் ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் வைத்தார்கள், அதனாலா, சே, அதில் என்ன குறை, சாரம்மாள் பெரியம்மை பாளையங்கோட்டையில் டீச்சர், பிள்ளை இல்லை, இங்கே ஆழ்வார்திருநகரிப் பக்கம் நாலு பிள்ளைகளில் இவர் கடைசி, வயிற்றுக்குப் பத்தவில்லை, பெரியம்மை கொண்டுபோனாள். நல்லாத்தான் வளர்த்தாள், கிறிஸ்துமஸ் என்றால் புதுச் சட்டை இரண்டு. பெற்ற அம்மை ஒரே ஒரு தடவை பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள், தை மாசம், மடியில் அவித்த பனங்கிழங்குப் பொதி, இன்னும் சூடு ஆறவில்லை என்றாள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்த கிழங்கு எப்படிச் சூடாக இருக்கும்? எனக்கு வேண்டாம், பெரியம்மை கறிச்சோறு தந்துட்டா என்று சொல்லிவிட்டுப் பம்பரம் விளையாட ஓடினார். பம்பரம் பச்சை நிறம். அதற்குமேல் அந்த ஞாபகத்தில் ஒன்றுமில்லை... இப்போது எதற்கு அது?

வந்துவிட்டது! அவர் குஞ்சை வைத்த கூட்டில் நாரை இறங்கி, கழுத்தை வளைத்து மீனைக் கக்கியது, ஒன்று, இரண்டு, மூன்றாவது மூக்கும் எழுந்தது, ஆண்டவரே ஸ்தோத்திரம், தின்னுகிறது, யாரும் கொத்தவில்லை, எபனேசர் வாய்விட்டுச் சிரித்தார். பூதத்தானுக்குப் போன் போட எடுத்தார். அப்போதுதான் மற்றக் கூட்டுக்கும் ஒன்று வந்து இறங்கியது. அதுவும் கழுத்தை வளைத்தது. மீனைக் கக்கியது. ஒரு மூக்கும் மேலே வரவில்லை. தலையைச் சாய்த்துக் கூட்டுக்குள் பார்த்தது, ஒரு குச்சியை நகர்த்தி வைத்தது, மறுபடி பார்த்தது, பிறகு கக்கின மீனை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து விழுங்கியது. அவர் கால் தண்ணீருக்குள் இறங்கியே விட்டது, முழங்கால்வரை போய் நின்றார், ஏறினால் இரண்டும் பறந்துவிடும், தின்கிற குஞ்சும் பாதியில் பட்டினி, ஏறாவிட்டால் இது... தின்கிற குஞ்சுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அந்தக் கிழங்கை அம்மை என்ன செய்தாள்? நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட இதைக் கேட்கத் தோன்றவில்லையே, பஸ்ஸில் யாருக்காவது கொடுத்தாளா, திருப்பி வீட்டுக்கே கொண்டுபோனாளா, வழியில் உட்கார்ந்து தானே தின்றாளா? கேட்கலாமென்றால் அவள் இல்லை. கையிலிருந்த போன் அடித்தது, பூதத்தானாக இருக்கும், ஞாபகம் வந்திருக்கும். நாரை மறுபடியும் குனிந்தது.