என் கணக்கில் தங்கையின் கார்டு

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியில் பிறந்தது. இன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் சிணுங்கியது. ‘உங்கள் ஆட்-ஆன் கார்டு [            ] கடையில் பயன்படுத்தப்பட்டது.’ கடையின் பெயரையும் ஊரையும் நாலாம் பகுதியில் சொல்கிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.

(ஆட்-ஆன் கார்டு என்றால் வேறொன்றுமில்லை. கணக்கு என்னுடையது, கார்டில் உள்ள பெயர் தங்கையுடையது. தேய்ப்பவள் அவள், பில் கட்டுபவன் நான். எங்கே தேய்த்தாள் என்ற செய்தியும் எனக்குத்தான் வரும். நினைத்தால் நானே அந்தக் கார்டை நிறுத்தவும் முடியும். கதையே இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்: தோளில் ஒரு பையோடு அவள் பேருந்து நிலையத்தில்

வேண்டாம். அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் தொடக்கம்: சிரித்துக்கொண்டே அவள்

இதுவும் பொய். அவள் சிரித்து நாளாயிற்று.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். கணவரும் அவளுக்கு ஒரு கார்டு கொடுத்திருந்தார். அதன் செய்திகள் அவர் போனுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் சாயங்காலம் விசாரணை நடக்கும்.

“சோப்பு எதுக்கு ரெண்டு? யாரு வர்றாங்க வீட்டுக்கு?”

பொறுக்க முடியாமல்தான் என் கணக்கில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “அவருக்குத் தெரிய வேண்டாம்ணா,” என்று தையல் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

3

செய்தி வந்த சற்று நேரத்தில் கணவர் கூப்பிட்டார்.

“மச்சான், அவ கார்டைத் தொலைச்சுட்டா. உடனே பிளாக் பண்ணிடுங்க.”

“எந்தக் கார்டு மாப்பிள்ளை?”

“நீங்க வாங்கிக் குடுத்தீங்களே, அதுதான். தையல் டப்பாவுல அதோட கவரைப் பார்த்தேன்.”

“அவகிட்ட போனைக் குடுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

“தூங்குறா.”

தூங்குகிறவள் எப்படிக் கடையில் கார்டைத் தேய்த்தாள்? அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

“நானே நேர்ல வர்றேன்,” என்று வைத்துவிட்டார்.

வருவதற்குள் ஒரு முடிவு வேண்டும். இரண்டு இருக்கின்றன.

முடிவு அ: பிளாக் செய்கிறேன். பிளாக் ஆன கார்டு செத்தது செத்ததுதான். புதியது வர ஒரு வாரமாவது ஆகும். (தற்காலிகமாகப் பூட்டிவைக்கும் வசதியும் ஆப்பில் உண்டு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.) ஏதோ ஒரு கவுண்டரில், “கார்டு போகலையே மேடம், வேற இருக்கா?” என்று கேட்பார்கள். இல்லை. அவள் திரும்பிப் போக ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது.

முடிவு ஆ: பிளாக் செய்யவில்லை. கார்டு நிஜமாகவே தொலைந்திருக்கிறது, எவனோ தேய்க்கிறான். தொலைந்தது தெரிந்தும் நான் சொல்லாததால் பில் என் தலையில் விழுகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வருவேன், வட்டி குட்டி போட்டுக்கொண்டே போகும். போகட்டும், பணம்தானே.

4

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, அச்சகம் நடத்தும் நீங்கள்தான் என் கதைகளுக்கு எப்போதும் முதல் வாசகர். ஒரு ஒற்றுப் பிழை கண்ணில் பட்டால் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டீர்கள். நீங்கள் உள்ளே வந்ததும், “ஊர் பேரு இதுலதான் இருக்கு, படிங்க,” என்று இந்தத் தாள்களைக் கையில் கொடுப்பேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி மாடிக்குப் போவேன். நீங்கள் ஊர் பெயரைத் தேடிக்கொண்டே இந்த வரி வரை வந்திருப்பீர்கள்.

ஊர் பெயர் இதில் இல்லை.

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. உங்களுக்குப் பிறகு அவளும் கூப்பிட்டாள், யாரோ ஒருவர் போனிலிருந்து. “அண்ணா, டிக்கெட் போடுறேன். ஓடிபி உன் போனுக்குத்தான் வரும். வந்ததும் சொல்லு. கையில வேற காசு இல்லண்ணா.”

அந்த ஆறு எண்கள் இன்னும் வரவில்லை. நீங்கள் படித்து முடிப்பதற்குள் வருமா என்றும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மாடிக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை, ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். வாசல் கதவையும் நான் சாத்தவில்லை. எந்தக் கதவு வழியாகப் போகிறீர்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.