மாப்பிள்ளையின் கால்

என் அண்ணனுக்கு உலகத்தில் இரண்டு பொருள்கள்தான் உசத்தி. ஒன்று, அப்பா விட்டுப்போன கார். இன்னொன்று, அவனுடைய மாப்பிள்ளை. இரண்டைப் பற்றியும் அவன் காதுபட யாரும் குறை சொல்லிவிட முடியாது.

முதலில் காரைச் சொல்கிறேன். முதுகு வளைந்த பழைய வண்டி. இன்ஜின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். "இந்த வீட்டு ஆம்பளைங்கள்ல தண்ணி பக்கமே போகாதது இது ஒண்ணுதான்" என்று அம்மா சொல்வாள். ஓடுவதில் அதற்கு ஒரு குறையும் இல்லை, நிற்பதில்தான் வம்பு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ரோட்டுக்கு அது போதும். ரேஸ் டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்திப் பிடித்தால் டிரம் சூடேறிவிடும். அப்புறம் மிதிக்க மிதிக்க வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அண்ணன் பல வருடமாக ஒரு கார் கிளப்பில் சேர்ந்து அதை டிராக்கில் ஓட்டுகிறான். அவன் ஓட்டிக் கெடுத்ததையெல்லாம் நான் சரிசெய்கிறேன். லாரி, பஸ் பிரேக் வேலைக்கென்றே சொந்தமாக ஷெட் வைத்திருப்பவள் நான். எனக்கும் ஒரு தடவை கொடு என்று கேட்டால் போதும், பதிலைத் தயாராக வைத்திருப்பான்.

"இந்த பிரேக்க நம்பி உன்ன விட முடியாது பாப்பா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்கு பதில் சொல்றது?"

ஐம்பது தாண்டியும் நான் அவனுக்குப் பாப்பாதான். பாசமாம்! அதே பிரேக்கை நம்பி அவன் மட்டும் எப்படிப் போகிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்பா கார் எங்கள் இரண்டு பேருக்கும் பொது என்று வாய்வார்த்தைக்குச் சொல்வார்கள். ஸ்டீயரிங் அவனுக்கு, அடியில் படுத்துக் கிரீஸ் பூசிக்கொள்வது எனக்கு. நல்ல பாகப்பிரிவினை.

இந்த வருடம் நான் விடவில்லை.

"பிரேக்தானே பிரச்சனை? மாத்திடறேன். மாத்தினா நான் ஓட்டுவேன்."

"மாத்து. நீயே ஓட்டு" என்றான். அண்ணி முன்னால் சொன்னான். கிளப்பின் அடுத்த டிராக் நாளுக்கு என் பெயரையும் பதிந்தான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

முன்சக்கரங்களில் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். இரண்டு பக்கமும் பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். பெடலை மிதித்தால் லைனில் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பழையதே இருக்கட்டும், அப்பா கை பட்டது என்றான் அண்ணன். அப்பா கை பட்டதுதான். ஆனால் அது டிரம்முக்காகச் செய்தது. காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும், டிஸ்க் உரசிக்கொண்டே ஓடி வெந்துபோகும். அதையும் மாற்றினேன். ரப்பர் ஹோஸுக்குப் பதில் கம்பி பின்னிய ஹோஸ், சூடு தாங்குகிற ஆயில், காற்று நேராக டிஸ்க்கில் போய் அடிக்க பம்பருக்கு அடியிலிருந்து ஒரு குழாய். பின்சக்கரத்தில் டிரம்மை அப்படியே விட்டேன். பின்னால் அதிகமாகப் பிடித்தால் இன்ஜின் கனத்துக்கு வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும்.

கடைசியாகப் பேடைப் பழக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் வேகமாகப் போய், அழுத்திப் பிடித்து, நிற்பதற்குள் விட்டு, மறுபடி வேகமெடுத்து, மறுபடி பிடித்து, அப்படியே பல தடவை. புது இரும்புச் சட்டியைப் பழக்குகிற மாதிரிதான். பேடிலிருந்து ஒரு பூச்சு டிஸ்க் முழுக்க மெல்லிசாக, சமமாகப் படியும். அது படிந்துவிட்டால் பிரேக் சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் ஒன்று. சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திவிட்டுப் பெடலில் காலை வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. இருந்தால் பூச்சு அந்த ஒரு இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு வந்து பேடில் இடிக்கும், ஸ்டீயரிங் கையை உதறும்.

வண்டி தயார். நானும் தயார். அப்போதுதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

அண்ணனுக்கு ஒரே மகள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, அதற்குள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். என்னடி ஆச்சு என்றால் "ஒண்ணும் இல்ல அத்தை" என்பாள். அந்த ஒன்றுமில்லைக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வாயைத்தான் யாரும் திறக்கவில்லை. பேசிப் பேசி, கெஞ்சிக் கெஞ்சி, டிராக் நாளை ஒட்டித்தான் மாப்பிள்ளை அவளை அழைத்துப்போகச் சம்மதித்தார். அந்தக் குளிர்ச்சியில் அண்ணன், "நீங்களும் வந்து ஒரு கை பாருங்க மாப்ள" என்று சொல்லிவிட்டான்.

"காலைல அவரு, மத்தியானம் நீ. என்ன இப்ப, குறைஞ்சா போயிடும்?" என்றான் என்னிடம்.

குறையாது என்றுதான் நானும் நினைத்தேன்.

டிராக்கில் மாப்பிள்ளையிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். கடைசி ரவுண்டை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நின்றதும் இன்ஜினை அணைத்து, கியரில் போட்டுவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

"ஓகே ஆன்ட்டி, ஓகே ஆன்ட்டி" என்று கையுறையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

நன்றாகத்தான் ஓட்டினார், பொய் சொல்லக் கூடாது. என் பிரேக்கும் நன்றாகத்தான் பிடித்தது. நேர்ப்பாதை முடியும் இடத்தில் மற்ற வண்டிகள் எல்லாம் முன்னதாகவே வேகத்தைக் குறைக்க, எங்கள் கிழட்டு வண்டி கடைசி வரை போய்ப் பிடித்துத் திரும்பியது. பக்கத்து டீம்காரர் ஒருவர், "யாரு பண்ணினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

மெதுவான ரவுண்டு என்று ஒன்று வரவே இல்லை. போன வேகத்தில் நேரே உள்ளே வந்து நிறுத்தினார். அந்த இடத்தில் லேசான சரிவு. வண்டி நகராமல் இருக்கப் பெடலை அழுத்திக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைக் கோதி, "ஒரு போட்டோ எடு" என்றார் மனைவியிடம். முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை குப்பென்று வந்தது.

"காலை எடுங்க! பெடல்லேர்ந்து காலை எடுங்க!" என்று ஓடினேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "கத்தாத பாப்பா. இப்பதான் மனுஷன் சிரிக்கிறாரு."

"டிஸ்க் கொதிக்குதுண்ணா!"

"ஒரு போட்டோவுல என்ன ஆயிடப்போகுது?"

ஒரு போட்டோவா எடுத்தார்? தனியாக, ஜோடியாக, அண்ணனோடு, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு. அத்தனைக்கும் கால் பெடலிலேயே இருந்தது.

அப்புறம் இன்னொரு தடவை போய்வருகிறேன் என்று கிளம்பினார். போன சுருக்கில் திரும்பி வந்தார். கதவை அறைந்து சாத்தினார்.

"பிரேக் போட்டாலே ஸ்டீயரிங் கையோட வருது. என்ன ஆன்ட்டி ஃபிட் பண்ணி வெச்சிருக்கீங்க? இத நம்பி என்னைப் போகச் சொன்னீங்களா?"

பக்கத்து டீம்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து சக்கரத்தின் இடுக்கு வழியே டிஸ்க்கைப் பார்த்தேன். பளபளவென்ற தட்டில் ஒரே இடத்தில் பேட் அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு, முத்திரை குத்தினாற்போல. என் தோளுக்கு மேலே குனிந்து அண்ணனும் பார்த்தான். இத்தனை வருடம் டிராக்கில் ஓட்டியவனுக்கு அது என்ன என்று தெரியாமல் இருக்காது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எழுந்து, "நீங்கதான் சூட்டோட..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் மகள் என் முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"அத்தை, வேணாம். எனக்காக. நான் இன்னைக்கு அந்த வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.



அண்ணனைத் தள்ளி அழைத்துப்போனேன். "இது ஒரு விஷயமே இல்ல. மறுபடி வேகமா போய் நாலஞ்சு தடவை அழுத்திப் பிடிச்சா திட்டு தேஞ்சிடும். அடுத்தது என் முறைதானே? நானே ஓட்டி சரி பண்ணிடறேன். யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சத்தியமா."

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"அதான் வேணாங்கறேன்."

"ஏன்?"

"நீ ஓட்டி சரியாயிட்டா, அப்ப தப்பு யாரு மேலன்னு ஆகும்? அவரு முகத்த எங்க வெச்சுக்குவாரு? அந்தக் கோபத்த எவகிட்ட காட்டுவாரு, சொல்லு." பிறகு என் தோளில் கை வைத்தான். "வந்து ஒரு ஸாரி சொல்லிடு பாப்பா. உனக்கென்ன, போறதுக்கு என்ன இருக்கு?"

எனக்கு என்ன இருக்கிறதா? அந்தப் பிரேக் இருந்தது. அதைச் செய்தவள் என்று ஒரு பெயர், அதுவும் அன்றைக்குக் காலையில்தான் வந்தது, இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் முறை என்று ஒன்று இருந்தது. இதெல்லாம் அவனுக்குக் கணக்கிலேயே வரவில்லை. அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அறையவில்லை. அங்கே அந்தப் பெண் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனேன். அந்தப் பக்கத்து டீம்காரரும் கேட்கும் தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"ஸாரி மாப்ள. ஃபிட்டிங்லதான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல."

மாப்பிள்ளையின் முகம் இளகியது. பெருந்தன்மையாக என் முதுகைத் தட்டினார்.

"பரவால்ல விடுங்க ஆன்ட்டி. லாரிக்கு பண்றது வேற, இது வேற. இனிமே கத்துக்கிட்டுப் பண்ணுங்க."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு அவன் மகளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பு நிற்கும்வரை நானும் பல்லைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.