பாலம் வருகிறது, குனியுங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததே இல்லை. நம் ஊர்க் கால்வாய்களில் ஒரு நாள் சுற்றிப் பார்த்து, படங்களோடு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். நானும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு இப்படித் தொடங்கினேன்:

நூற்றாண்டுகளின் நினைவைச் சுமந்தபடி, காலை ஒளியில் கால்வாய் மெல்ல

மெல்ல என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. சும்மா கிடந்தது. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன், நீங்களும் பார்த்துச் சிரியுங்கள்.

இரண்டாவது தொடக்கம்:

அன்று என் தங்கைக்குச் சோதனை நாள்.

இது தேவலை. கட்டுரை போய்க் கதை வந்துவிட்டது. திட்டு வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2

தங்கையை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். சுற்றுலாப் படகில் வழிகாட்டியாக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. போன வருடம் ஒரு கம்பெனியில் முயன்றாள். "ரொம்பப் பேசுறீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பேசுவதற்கே சம்பளம் கொடுக்கிற வேலையில்! அழுது முகமெல்லாம் வீங்கி வந்தாள். இப்போது வேறொரு கம்பெனி ஒரு சோதனைப் பயணம் கொடுத்திருந்தது. மேற்பார்வையாளர் பெண்மணி ஒருவர் படகில் உட்கார்ந்து கேட்பார். தேறினால் வேலை, இல்லாவிட்டால் மறுபடி இப்போது வேலை பார்க்கிற செருப்புக் கடைதான்.

அதனால் இந்த முறை சொந்தமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவெடுத்தாள். கம்பெனி கொடுத்த உரையை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தாள். ஒத்திகை சாப்பாட்டு மேசையில். "இப்போ தாழ்வான பாலம் வருது, தலைய குனிஞ்சுக்கோங்க" என்றதும் அம்மா, மாமா, நான் மூவரும் தட்டின் மேல் குனிவோம். உரையின் வரிசை இதுதான்: சுங்கச் சாவடி, மணிக்கூண்டு, உடனே பாலம், குனிவு. நாளாக ஆக, அவள் சொல்வதற்கு முன்பே குனியப் பழகிவிட்டோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

சோதனைப் பயணத்தில் சொந்தக்காரர்கள் ஏறக் கூடாது என்பது விதி. ஏறினோம்.

இந்த இடத்தில் மாமா என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். அம்மாவின் தம்பி, வங்கியில் பொறுப்பான வேலை. அப்படிப்பட்டவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்தில் பைனாகுலர் தொங்க, சொந்த ஊரின் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வருவாரா? நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று அவரை நீக்கிப் பார்த்தேன். கதை சப்பென்று ஆகிவிட்டது. திரும்ப ஏற்றிவிட்டேன்.*

அம்மா அதற்கும் மேல். பெரிய தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஏறும்போதே உரக்க, "ஏம்மா பொண்ணு, இந்த ஊர்ல பாக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"அம்மா, போய் உக்காருங்க" என்றாள் வாயாடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

* மாமா இதைப் படித்துவிட்டார். "வரைபடத்த நேராத்தான் புடிச்சிருந்தேன்" என்கிறார். இல்லை.

4

படகின் பின்பக்கம், படகோட்டிக்கு அருகில் நின்று வாயாடி ஒப்பிக்கத் தொடங்கினாள். சுங்கச் சாவடி கட்டப்பட்ட விதம், கிடங்குகளின் மாடியில் மூட்டை தூக்கும் கொக்கிகள், ஒரு பக்கம் சாய்ந்த வீடு. ஒரு பிழையில்லை, உயிரும் இல்லை. முன்வரிசையில் மேற்பார்வையாளர் கொட்டாவியை மறைத்தார்.

மணிக்கூண்டு வந்தது. வலப்பக்கக் கால்வாயில் தூர் வாருகிறார்களாம், படகோட்டி இடப்பக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்துக்கு உரை கிடையாது. வாயாடி, "அடுத்து..." என்று சொல்லி நின்றுவிட்டாள்.

நாங்கள் நிற்கவில்லை. மணிக்கூண்டு போயிற்று, மூவரும் குனிந்தோம். அம்மா தொப்பியை வேறு அமுக்கிக்கொண்டாள். தலைக்கு மேல் வெட்டவெளி. எங்களைப் பார்த்துப் பயந்துபோய்ப் பின்னாலிருந்தவர்களும் வரிசை வரிசையாகக் குனிந்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது மேற்பார்வையாளர் மட்டும்.

"இவங்கல்லாம் யாரு?" என்றார்.

"தெரியலைங்க" என்றாள் தங்கை.

(தங்கை: "நான் அப்படிச் சொல்லவே இல்ல. அடிச்சுடு." அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

நடந்தது இதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"வலது பக்கம் பாருங்க, எங்க அம்மா. பழைய கட்டடம், அஸ்திவாரம் பலம். பக்கத்துல எங்க மாமா. பராமரிப்பு வேலை இன்னும் முடியல. கடைசில எங்க அக்கா, கதை எழுதுறாங்க. உள்ள ஒண்ணும் இருக்காது, வெளிய நின்னு பாத்தா போதும்."

சிரிப்பில் படகே ஆடியது. அப்புறம் அவளை யார் நிறுத்துவது? பியானோவைக் கயிறு கட்டி ஏற்றும்போது ஜன்னலில் சிக்கிக்கொண்ட வீடு, எந்தப் படகு வந்தாலும் எட்டிப் பார்க்கும் பூனை, கோபித்துக்கொண்டு எதிரெதிர்க் கரையில் குடியேறிய அண்ணன் தம்பி. எல்லோரும் முதுகை முன்பக்கம் காட்டி, அவளையே பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் எழுந்தார். "ஒரு நிமிஷம்" என்று மைக்குக்குக் கை நீட்டியபடி எங்கள் வரிசை வரை வந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால், நிஜமாகவே, ஒரு பாலம். நாங்கள் பழகியதைவிடத் தாழ்வானது.

"இப்போ தாழ்வான பாலம் வருது, தலைய..." என்றாள் வாயாடி. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தலைகூடக் குனியவில்லை.

மைக்கைக் கீழே போட்டாள். வீட்டில் கத்துகிற குரலில் கத்தினாள். "குனிங்கன்னா குனிங்க! மேடம், உக்காருங்க!"

5

பாலத்தின் அடியில் இருட்டு, பாசி வாசனை. கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. ஒருவர் தலையும் இடிக்கவில்லை. என் பக்கத்தில் மேற்பார்வையாளரும் குனிந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

இங்கே நிறுத்துகிறேன். விதி விதிதான் என்று அவர் கைவிரிக்கும் முடிவு நியாயமானது, எழுத எனக்கு மனசு வரவில்லை. எங்கள் குடும்பத்தையே சுற்றுலாத் தலமாக அறிவிக்கும் முடிவு மாமா சொன்னது. நிஜத்தில் மேற்பார்வையாளர், "நாளைக்கு கூப்பிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த ‘நாளை’ இன்னும் வரவில்லை. பக்கத்து அறையில் வாயாடி பேசாமல் இருக்கிறாள். அவள் பேசாத வீடு எனக்குப் பயமாக இருக்கிறது. சற்று முன் கதவருகே வந்து நின்றாள்.

"என்ன முடிவு வெச்சிருக்கே?"

"வைக்கல."

"கெடச்சிடுச்சுன்னு எழுதிடேன்க்கா."

"நாளைக்கு வேற மாதிரி ஆயிட்டா?"

கதவைப் பாதி சாத்திவிட்டுப் போய்விட்டாள். அதனால்தான் படகைப் பாலத்தின் அடியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மேற்பார்வையாளர் இன்னும் குனிந்தபடியே காத்திருக்கிறார். நீங்களும் எங்களோடு ஏறியவர்தானே, நீங்கள் சொல்லுங்கள். அவள் அந்தக் கத்து கத்தியபோது உங்கள் கழுத்து கொஞ்சமாவது தாழ்ந்ததா? தாழ்ந்ததென்றால் நிமிர்ந்து, அவரிடம் அவளுக்காக நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.