பூன் லேயில் ஒரு கை

வலது கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள முடியாமல் போன பிறகும் உமாமகேஸ்வரி அதை யாரிடமும் சொல்லவில்லை. சிராங்கூன் சாலை ஸ்கேன் நிலையம் ஒன்றில் அவள் சோனோகிராஃபர். இருபது வருடங்களாகப் பிறர் வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்துப் பிடித்தே அந்தத் தோள் கெட்டுப்போயிருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்ற பயம்தான். எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு: கல்லீரலைத் தானே அளந்துவிடும் மென்பொருள், யார் பிடித்தாலும் படம் எடுத்துத் தரும் கைக்கருவி. இந்த நேரத்தில் கை விளங்காத ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஒரு நாள் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தபோது விரல்கள் மரத்து, கருவி நழுவித் தரையில் விழுந்தது. கதவருகே நின்றிருந்த டாக்டர் ரபியா பார்த்துவிட்டார். நிலையத்தின் தலைவர் அவர்தான்.

அந்தப் பெண் போனதும் கேட்டார். "எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான் டாக்டர்."

"உமா, பொய் சொல்லாதீங்க லா. காபி கப்பையே இடது கையிலதான் எடுக்குறீங்க."

ரபியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ம பூன் லே கிளினிக்ல ஸ்கேன் எடுக்க ஒரு ரோபோ கை வரப்போகுது. இங்க உட்கார்ந்துக்கிட்டே நீங்க அதை ஓட்டணும். தோளுக்கு வேலை இருக்காது."

"அது எல்லாத்தையும் கத்துக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு டாக்டர்?"

"தெரியல," என்றார் ரபியா. "ஆனா இந்தத் தோளோட இன்னும் ஒரு வருஷம் தாங்க மாட்டீங்க. அது மட்டும் தெரியும்."

மரியாதையாக வெளியே அனுப்புகிறார்கள் என்றுதான் உமா நினைத்தாள். மார்சிலிங் வீட்டுக்கு ரயிலில் போகும்போது கண்ணீர் வந்தது. ஆனாலும் தோளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே, ரோபோ கையை ஓட்ட மேசையில் வைத்திருந்த சிறிய கைப்பிடியை அசைத்துப் பழகினாள். பிடிக்கவேயில்லை. உடம்பின் சூடு கைக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுகூடத் திரையில் எண்ணாகத்தான் வந்தது.

அப்படி ஒரு நாளில்தான் கதிரேசன் வந்தார். துவாஸ் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுபவர்; ஐம்பதைத் தாண்டியவர். சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று பூன் லே கிளினிக்குக்குப் போயிருந்தார். ரோபோ கை மேலிருந்து இறங்கியதுதான் தாமதம், கட்டிலிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

"அக்கா, இவரு ஓடிருவாரு போல," என்றான் அங்கிருந்த நர்ஸ் இருதயராஜ்.

உமா மைக்கை இழுத்துக்கொண்டாள். "அண்ணே, எந்த ஊரு உங்களுக்கு?"

"அறந்தாங்கிப் பக்கம். யாரு பேசுறது? மெஷினா?"

"மனுஷிதான்ணே. தேக்காவுல, சிராங்கூன் ரோட்டுல உட்கார்ந்திருக்கேன். அந்தக் கையை நான்தான் பிடிச்சிருக்கேன்."

"நெசமாவா? அப்ப என் சட்டை என்ன கலரு, சொல்லுங்க."

"சட்டையைக் கழட்டிட்டுல்ல நிக்கிறீங்க!"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே படுத்துக்கொண்டார்.

பித்தப்பையில் இரண்டு கற்கள் தெரிந்தன. வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று உமா முடிக்கப் போனாள். அப்போது ரோபோ கையோடு வந்த மென்பொருள், சந்தேகமான இடம் என்று திரையின் ஓரத்தில் மஞ்சள் கட்டம் ஒன்றைப் போட்டது. அந்த வாரம் முழுக்க அது குடலில் இருந்த வாயுவுக்கெல்லாம் கட்டம் போட்டு அவள் பொறுமையைச் சோதித்திருந்தது. அழித்துவிடலாம் என்று விரல் பொத்தான்வரை போய்விட்டது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

"அண்ணே, இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. கொஞ்சம் அழுத்துவேன், பொறுத்துக்கோங்க. இப்ப மூச்சை இழுத்துப் பிடிங்க."

வாயு விலகியது. வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன்போல் உப்பியிருந்தது. வெடித்தால் ஆளைப் பிழைக்க வைப்பது கடினம். உமா படத்தைப் பதிவு செய்துவிட்டு ரபியாவுக்கு மணியடித்தாள்.

"என்னங்கக்கா, பேச்சையே காணோம்?"

"டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்கண்ணே. நீங்க எழுந்திரிக்காம அப்படியே படுத்திருங்க. நானும் இங்கேயேதான் இருக்கேன்."

ரபியா ஓடி வந்து பார்த்தார். உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை உமா கதிரேசனிடம் அவருடைய மகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாள். அவர் கிளம்பிய பிறகுதான் ரபியா பக்கம் திரும்பினாள்.

"மெஷின்தான் காட்டுச்சு டாக்டர். நான் விட்டிருப்பேன்."

"அது கட்டம்தான் போட்டுச்சு உமா. படம் எடுத்தது நீங்க. ஆபரேஷன் பண்றவங்களுக்கு இந்தப் படம்தான் வேணும்," என்றார் ரபியா.

அன்று சாயங்காலம் ரயிலில் அவளுக்கு அழுகை வரவில்லை. நல்ல பசிதான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியா ஜன நெரிசலில் விசாரித்து விசாரித்து, கதிரேசன் ஸ்கேன் நிலையத்தின் படியேறி வந்தார். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது. உமா "வாங்கண்ணே" என்றதுமே, "இந்தக் கொரலுதான்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பட்டறையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். அவள் உட்கார்ந்து ஓட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

கைப்பிடியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம கிரேனு மாதிரியே இருக்கே! மொதல்ல எங்களையும் மேல கேபின்லதான் ஒக்கார வச்சாங்க. அப்புறம் கீழ ரூம்ல டிவியப் பாத்து ஓட்டுங்கன்னுட்டாங்க. பொழப்பு போச்சுன்னு ஊருக்குப் போன் போட்டு அழுதேன். ஆறு மாசத்துல, தூக்குற பாரம் எவ்வளவுன்னு கண்ணுலயே தெரிய ஆரம்பிச்சிருச்சு."

"எனக்கும் இப்பத்தான் தெரிய ஆரம்பிச்சிருக்குண்ணே," என்றாள் உமா. தோள் முக்கால்வாசி குணமாகியிருந்தது. பாசிர் ரிஸ் கிளினிக்கிலும் இப்படி ஒரு ரோபோ கை வைக்கலாம் என்று போன வாரம் ரபியாவிடம் அவளே போய்ச் சொல்லியிருந்தாள்.

"ஒருக்கா அசைச்சுப் பாக்கவா?"

பூன் லேயில் அன்று நோயாளிகள் யாருமில்லை. உமா தலையாட்டினாள். கதிரேசன் இரண்டு விரலால் கைப்பிடியைத் தொட்டு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல மெல்ல இறக்கினார். திரையில், ஓரமாக உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருதயராஜ் பொட்டலத்தோடு எழுந்து நின்றான்.

"அக்கா! இது தானா எறங்குது லா!"

மைக்கை யார் முதலில் பிடிப்பது என்று தெரியாமல் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.