நிறமில்லாத பென்சில்

மூன்றாவது முறை அழுத்தித் தேய்த்த பிறகுதான் சிவப்பு கொஞ்சம் தெரிந்தது. லம்யாய் பென்சிலைக் கண்ணாடி மேசையின் மேல் திருப்பி வைத்தாள்.

“இது வேணாம் சியூ. அழுத்தி அழுத்திக் கை வலிதான் மிச்சம். வர்றவங்கள்ல பாதிப் பேரு அவரு வயசுக்காரங்க.”

எழுதுபொருள் கடைக்காரி சியூ இன்னொரு பெட்டியை எடுத்துப் பிரித்தாள். “அக்கா, சாவு வீட்டுல பென்சில் வாங்கிட்டுப் போயி யாரு உக்காந்து கலர் அடிக்கப் போறாங்க? பேரப்பிள்ளைங்ககிட்ட குடுத்துருவாங்க.”

“குடுக்கட்டும். பேரப்பிள்ள கையும் கைதானே.”

கறுப்புச் சட்டையில் வாசலருகே நின்றிருந்த மகள் நிம் கைபேசியைப் பார்த்தாள். “அம்மா, அச்சகத்துல நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. ஏதோ ஒண்ண எடேன்.”

ஏதோ ஒன்று. லம்யாய் அந்தச் சொல்லைக் கேட்டதும் குனிந்து அடுத்த பென்சிலைத் தேய்க்கத் தொடங்கினாள்.

லம்யாயின் கணவர் பிரயூன் இறந்து ஐந்து நாளாகியிருந்தது. கோயில் மண்டபத்தில் மாலைதோறும் பிக்குகள் ஓதினார்கள். ஞாயிற்றுக்கிழமை தகனம். தகனத்துக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுத்தாக வேண்டும். வழக்கமாக அதில் இறந்தவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் சில ஓதல்களும் இருக்கும். நிம் வேறு மாதிரி யோசித்தாள். அப்பா நிறம் தீட்டிய பக்கங்களை அதில் அச்சிட்டு, கடைசியில் தீட்டாத ஒரு படத்தையும் வைத்து, கூடவே ஆறு பென்சில் அடங்கிய சின்னப் பெட்டி ஒன்றையும் கொடுத்தால் என்ன? தாய்லாந்தின் ராச்சபுரியில் இதுவரை கைக்குட்டை கொடுத்திருக்கிறார்கள், தலைவலித் தைலம் கொடுத்திருக்கிறார்கள். பென்சில் யாரும் கொடுத்ததில்லை. தலைமைப் பிக்குவிடம் கேட்டபோது, “எனக்கு ரெண்டு பெட்டி எடுத்து வை” என்றார்.

பிரயூன் நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது இடது கையும் ஒரே ஒரு சொல்லும். “இல்ல.” பசித்தாலும் இல்ல, நிறைந்தாலும் இல்ல. இடது கையைப் பழக்க, பெரியவர்களுக்கென்று வருகிற நிறம் தீட்டும் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள் மருத்துவமனையில்.

லம்யாய் முதலில் மெழுகுக் கிரேயான் வாங்கினாள். குழந்தைப் பொருள் என்று அவர் அதைச் சுவரில் வீசினார். ஸ்கெட்ச் பேனா வாங்கினாள். மை தாளைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்து மயிலின் கழுத்தில் ஊறியது. அந்த மயிலுக்காக ஒரு வாரம் முகம் திருப்பிக்கொண்டிருந்தார். கடினமான பென்சில் அவர் கைக்கு நிறம் தரவில்லை. மிருதுவானது சீவியில் போட்டால் உடைந்தது. கடைசியில் இருபத்துநான்கு பென்சில் கொண்ட பெட்டி ஒன்றை சியூ வரவழைத்துக் கொடுத்தாள். உடம்பு முக்கோணமாக இருந்ததால் பிடி நழுவவில்லை. பிளேடால் சீவினால் உடையவும் இல்லை. இருபத்தைந்தாவதாக ஒரு பென்சிலும் அதில் கிடந்தது. அதற்கு நிறமே கிடையாது, வெறும் மெழுகு. தீட்டிய நிறங்களை மேலாகத் தேய்த்து ஒன்றோடொன்று கலக்கவிட.

அதன் பிறகு மூன்று வருடம் தினமும் லம்யாய் பென்சில் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக நீட்டுவாள். “இல்ல.” “இல்ல.” சரியானது வந்தால் பேசாமல் வாங்கிக்கொள்வார். கோட்டைத் தாண்டாமல் தீட்ட அந்த இடது கைக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு கோட்டைக்கூட அது தாண்டவில்லை. தாள் பறக்குமென்று ஏப்ரல் வெயிலிலும் விசிறி போட விடமாட்டார்.

கடைசிச் சாயங்காலம் தாமரைக்குளத்துப் படம். பதினைந்து பென்சில் நீட்டியிருப்பாள். பதினைந்துக்கும் இல்ல. அன்று காலையிலிருந்து மூன்று முறை படுக்கை விரிப்பு மாற்றியிருந்தாள். முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவே திணித்தாள். “இதுதான் இருக்கு. ஏதோ ஒண்ண வச்சு அடிங்க. என்னைய விடுங்க!” பின்கட்டுக்குப் போய்த் துவைத்தாள். துவைத்து முடிந்தும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது அவர் மூடிய புத்தகத்தை மார்பின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் எழவில்லை.

உடலை எடுத்துப் போன பிறகு கட்டிலுக்கடியில் பெருக்கும்போது அந்தப் பென்சில் கிடைத்தது. நிறமில்லாதது. தாமரைப் புத்தகத்தைத் தேடினாள். எல்லாப் புத்தகங்களையும் நிம் அதற்குள் அச்சகத்துக்குக் கொண்டுபோயிருந்தாள்.

நிறமே வராத ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அவர் அந்தச் சாயங்காலம் முழுக்க எத்தனை முறை இல்ல இல்ல என்று சொல்லியிருப்பார்? பின்கட்டில் குழாய் ஓடிய சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஐந்து நாளாக வந்து போகிறவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்து, “போதும், இனி நீ கொஞ்சம் படுத்து எழு” என்றார்கள். படுத்தாள். தூக்கம் வரவில்லை.

“இது,” என்றாள் சியூவிடம். நாலாவது பெட்டியின் நீலம் தொட்டவுடனே தாளில் இறங்கியது. “இதுல இருநூறு.”

அச்சகத்தில் உரிமையாளர் மானோப் மாதிரிப் புத்தகத்தைப் பெருமையோடு நீட்டினார். பக்கங்கள் கண்ணாடியாகப் பளபளத்தன. லம்யாய் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அதில் நீலத்தை வைத்து இழுத்தாள். பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கோடுகூட விழவில்லை.

“பாத்தியா? நிறம் பிடிக்கல.”

“அக்கா, நாப்பது வருஷமா நினைவுப் புத்தகம்னா இந்தத் தாள்தான். ஆளுநரோட அம்மாவுக்கும் இதேதான் போட்டோம்.”

“அந்தம்மா கலர் அடிச்சாங்களா?”

நிம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு.

“சொரசொரப்பா, தடிமனா, மினுக்கே இல்லாத தாள் இருக்குல்ல? அதுல போடு. நிறத்துக்கு ஒட்ட ஒரு இடம் வேணும்.”

பிரயூனின் புத்தகங்களைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். லம்யாய் நின்றபடியே தாமரைப் பக்கத்தைத் தேடினாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் அது வெள்ளையாக இருந்தது. இதழ், இலை, தண்ணீர், எல்லாம் கோடு மட்டும்.

“அது ஒண்ணுதான் அப்பா தொடாம விட்டது,” என்றாள் நிம். “அதான் அதையே கடைசிப் படமா வச்சேன்.”

லம்யாய் புத்தகத்தை மூடினாள்.

ஞாயிறு மதியம் மண்டபத்தில் உட்கார இடமில்லை. மலர்வளையத்துக்குப் பதிலாக மின்விசிறி அனுப்புவதுதான் இப்போதைய பழக்கம். கறுப்பு வெள்ளை நாடா கட்டிய பதினான்கு விசிறிகள் சவப்பெட்டியைச் சுற்றி நின்றன. நில அளவை அலுவலகத்திலிருந்து மட்டுமே மூன்று.

“உசுரோட இருந்தப்போ ஒரு விசிறி போட விட்டாரா மனுஷன்,” என்றாள் சியூ. “இப்ப பாரு, எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்து. எந்திரிச்சு வந்து எல்லாத்தையும் அணைக்கப் போறாரு.”

பின்வரிசையில் அலுவலகத்துப் பழைய ஆட்கள் அதற்குள் பென்சில் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். “ஏய், தாமரைக்கு எவன்டா பச்சை அடிப்பான்?” “என் தாமரை, நான் அடிப்பேன். நீ உன் எல்லைக்குள்ள இரு.”

தகனத்துக்கு முன் சவப்பெட்டியைத் திறந்து முகத்தில் இளநீர் ஊற்ற வேண்டும். அவருக்குப் பிடித்த பொருளை உள்ளே வைக்கலாம். அசல் தாமரைப் புத்தகத்தை நிம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அரைகுறையா அனுப்ப வேணாம்மா. நானே அடிச்சு முடிச்சு வச்சிடறேன்.” இளஞ்சிவப்பை எடுத்து ஓர் இதழின் மேல் இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். “என்னம்மா, இவ்வளவு பாத்துப் பாத்து வாங்கின. இதுவும் வழுக்குது.”

“எங்க?”

“இங்க பாரு. பிடிக்கவே மாட்டேங்குது.”

லம்யாய் இதழின் மேல் விரலை வைத்தாள். வாழையிலையின் முதுகைத் தொட்டது போலிருந்தது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு மண்டபத்தின் ஓரத்துக்குப் போனாள். வெயில் விழுகிற இடத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தாள்.

இதழ்கள் மினுங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, நடுவிலிருந்து வெளியே. இலைகள் மினுங்கின, நரம்பு நரம்பாக. இதழ்களில் மேலிருந்து கீழாக இழுத்திருந்தார். தண்ணீரில் இடமிருந்து வலமாக, மூலை வரைக்கும். வெளிக்கோட்டுக்கு அப்பால் இருந்த வெற்றுத் தாள் மங்கலாகவே கிடந்தது. எங்கேயும் ஒரு கோடு தாண்டவில்லை. அவசரமே இல்லாமல் செய்த வேலை. அவள் துவைத்து, அலசி, கல்லின் மேல் உட்கார்ந்து, எழுந்து வந்த நேரம் முழுக்க ஆகியிருக்கும்.

“என்னம்மா?”

லம்யாய் பக்கத்தை மகளின் கண்ணுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினாள். நிம் நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த இளஞ்சிவப்பைப் பெட்டிக்குள் அதன் பள்ளத்தில் வைத்து மூடினாள்.

சவப்பெட்டியைத் திறந்தார்கள். லம்யாய் இளநீரை நெற்றியிலிருந்து மெதுவாக ஊற்றினாள். புத்தகத்தை மார்பின் மேல் வைத்தாள். கைப்பையிலிருந்து நிறமில்லாத பென்சிலை எடுத்து இடது கையருகே வைத்தாள். அதை அவள் காலையிலேயே பிளேடால் கூராகச் சீவியிருந்தாள்.

சந்தனச் சீவலில் செய்த பூக்களைச் சவப்பெட்டியருகே வைத்துவிட்டு ஒவ்வொருவராகத் தகன மேடையின் படியிறங்கினார்கள். மேலே புகைபோக்கியில் புகை தெரியத் தொடங்கியபோது லம்யாய் மண்டபத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். நில அளவை அலுவலகத்து விசிறி ஒன்று சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பொத்தானை மூன்றுக்குத் தள்ளினாள்.

மடியிலிருந்த நினைவுப் புத்தகத்தின் பக்கங்கள் படபடவென்று புரண்டன. அவள் கை வைத்து அழுத்தவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.