வலது பாதத்தைக் கழுவி வரவும்

பெரிய வியாழனன்று எங்கள் மந்தைவெளிப் பங்கு ஆலயத்தில் பன்னிரண்டு பேருடைய பாதங்களைப் பங்குத்தந்தை கழுவுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைவுகூரும் சடங்கு அது. பீடத்துக்குக் கீழே பன்னிரண்டு நாற்காலிகள் போடப்படும். தந்தை மேலுடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு, வலது பாதத்தில் நீரூற்றித் துடைத்து முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து கடிதம் கொடுப்பது, வழிபாட்டுக் குழுவின் செயலாளன் என்ற முறையில், ஏழாண்டுகளாக என் பொறுப்பு. கடிதத்தின் கடைசி வரி நான் எழுதிச் சேர்த்தது: ‘நகம் வெட்டி, வலது பாதத்தைக் கழுவி வரவும்.’ கழுவப்படுவதற்காக வருகிறவர்களைக் கழுவிக்கொண்டு வரச்சொல்வதில் உள்ள விபரீதம் எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை. எல்லோரும் கழுவித்தான் வந்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் அதற்கென அழகு நிலையத்துக்கே போய்வந்தார்.

இவ்வாண்டு வந்த புதிய பங்குத்தந்தை என் பட்டியலைப் பார்த்துவிட்டு, எல்லோரும் சுற்றுவட்டாரத் தெருக்காரர்களாகவே இருக்கிறார்களே என்றார். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டவர்களில் சில குடும்பங்கள் இன்னும் ஞாயிறுதோறும் இரண்டு பேருந்து மாறி இங்கேதான் வருகின்றன. அவர்களில் ஒருவராவது வேண்டும் என்றார். நான் பொன்னுரங்கத்தைத் தேர்ந்தேன். கட்டட வேலையில் கான்கிரீட் போடுபவர், ஐம்பது வயதிருக்கும், எப்போதும் கடைசித் தூணருகே நிற்பவர்.

கடிதத்தைக் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், எங்காலையா? ஃபாதரு மண்டி போட்டா? வோணாம் சார், கூச்சமாகீது.”

“கூச்சமெல்லாம் எதுக்கு? நீங்க சும்மா உட்கார்ந்தா போதும்.”

“போன்ல வருமே, அதுல இதுவும் வருமா?”

“நேரலையில முழுசா வரும்.”

“அப்ப எம்பொண்ணு பாக்கும்” என்றார். அதன் பிறகு கூச்சம் பற்றி ஒரு சொல் இல்லை.

வியாழன் மாலை ஐந்தே காலுக்கு அவர் வந்தார். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் எழும் கட்டடத்தில் வேலை. வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை என்று, வெள்ளைச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு புதுச் செருப்பைக் கழற்றி வைத்தபோது அந்தப் பாதங்களைப் பார்த்தேன். கணுக்கால் முதல் விரல்வரை சாம்பல் பூத்திருந்தது. குதிகாலில் வெடிப்புகள், வெடிப்புகளின் உள்ளே வெண்மை. நகங்களில் இரண்டு கறுத்து மடிந்திருந்தன. நாற்காலிகளுக்கு நேரெதிரே, முழங்கால் உயரத்தில், இவ்வாண்டு புதிதாக ஒரு கேமரா வைத்திருந்தோம். பாதங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று உயரத்தைக் குறைக்கச் சொன்னவனும் நான்தான்.

“கழுவலையா?” என்றேன்.

“சைட்டுலயே சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன் சார்.”

அவரைத் திருவுடை அறைக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்கு அழைத்துப்போனேன். தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டும் பிரஷ் அங்கே இருந்தது. அதைக் கொடுத்தேன். குனிந்து இரண்டு நிமிடம் தேய்த்தார். சாம்பல் போகவில்லை.

“இது அழுக்கு இல்ல சார். சிமென்ட் தின்ன காலு. இன்னா தேச்சாலும் இப்டிதான் கீது.”

“தேய். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்.”

ஏழாண்டுகளாக ‘வாங்க, போங்க’ என்று பேசிவந்த மனிதரிடம் எப்போது ‘தேய்’ என்று சொல்லத் தொடங்கினேன் என்பது எனக்கே தெரியாது. மணி ஐந்தரை ஆகிவிட்டது, பூசைக்கு நேரம் நெருங்கியிருந்தது. அவர் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கி, ஈரத்தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, அந்தக் காலை என் தொடைமீது இழுத்து வைத்து நானே தேய்த்தேன். அன்று அந்த ஆலய வளாகத்தில் மண்டியிட்டு ஒருவர் பாதத்தைக் கழுவிய முதல் ஆள் நான். அருவருப்பில் பற்களைக் கடித்துக்கொண்டு கழுவினேன்.

“ரத்தம் வருது சார்” என்றார் அவர். புகாராகச் சொல்லவில்லை, குழாயில் தண்ணீர் வருகிறது என்பதுபோல் சொன்னார். பெருவிரலுக்குக் கீழே ஒரு வெடிப்பு பிளந்து, சோப்பு நுரை சிவந்துகொண்டிருந்தது.

அப்போதாவது நான் நிறுத்தி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். “ஒரு சாக்ஸ் போட்டுட்டு உட்காரலாமா?” என்று கேட்டேன்.

பொன்னுரங்கம் சிரித்துவிட்டார். “சாக்ஸ் போட்ட கால எப்டி சார் கய்வுவாரு?” என்றார். பிறகு காலை மெதுவாக விடுவித்துக்கொண்டு, “நீ போ சார். நேரமாவுது. நா பின்னாடியே வரேன்” என்றார்.

அவர் வரவில்லை. பாடல் தொடங்கிப் பவனி பீடத்தை அடைந்து, மறையுரையும் முடிந்தது. பதினொரு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலி கேமராவுக்கு முன்னால் வெறுமையாக இருந்தது. தந்தை துண்டைக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் போய் உட்கார்ந்தேன். வலது காலுறையைக் கழற்றினேன். நீர் இளஞ்சூடாக இருந்தது. அவர் குனிந்து முத்தமிட்டபோது, எப்போதும்போல் அன்று மதியமே தேய்த்துக் கழுவியிருந்த என் பாதம் சோப்பு மணத்துடன் கேமராவுக்கு முன்னால் வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் காலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எதையும் மறைக்கவில்லை, சாக்ஸைக்கூடச் சொன்னேன். தந்தை பொறுமையாகக் கேட்டார். சுத்தம் எதிர்பார்த்ததில் பாவமில்லை, கடுமைதான் தவறு, அவரைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு ஈஸ்டர் ஞாயிறன்று மனநிறைவோடு நற்கருணை வாங்குங்கள் என்றார். பாவமன்னிப்பும் கொடுத்தார். வழக்கமாக அந்தச் சிறு கூண்டிலிருந்து எழும்போது உடலே எடை குறைந்ததுபோல் இருக்கும். அன்று அப்படி இல்லை. அன்று பிற்பகல் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் பொன்னுரங்கம் வரவில்லை. கடைசித் தூணருகே வேறு யாரோ நின்றார்கள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடைத்தாலன்றி ஞாயிறன்று என்னால் நற்கருணைக்குக் கைநீட்ட முடியாது என்று அப்போது தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் அந்தக் கட்டடத்தைத் தேடிப் போனேன். மூன்றாம் மாடிக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே கலவை இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் கிழிந்த ரப்பர் பூட்ஸோடு கலவைக்குள் நின்று மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தார். வலது பூட்ஸின் கிழிசல் வழியே காலில் துணி சுற்றியிருந்தது தெரிந்தது.

“ரங்கண்ணே, உன்ன இன்ஜினியர் தேடுறாரு பாரு” என்று ஒருவன் என்னைக் காட்டிக் கத்தினான்.

“இன்ஜினியர் இல்லடா, எங்க கோயில் சாரு” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். “இன்னா சார், இம்மா வெயில்ல?”

மணல் குவியலின் நிழலில் நின்றோம். பேருந்தில் வரும்போது மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. “தப்புப் பண்ணிட்டேன் பொன்னுரங்கம். மன்னிச்சிடுங்க” என்றேன்.

“அத்த வுடு சார்.”

“அப்படி விடமுடியாது. உங்க வீட்டுக்கு வந்து, உங்க மனைவி, பொண்ணு முன்னால நடந்ததச் சொல்றேன். அன்னிக்கு உட்கார வேண்டியது நீங்க. என்னாலதான்…”

“அய்ய, வோணாம் சார்!” அவர் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தணிந்தார். “நா ஊட்ல வேற மாரி சொல்லிக்கீறேன். எடம் எனக்குத்தான் குட்த்தாங்கோ. சாருக்குத்தான் ரொம்ப ஆச, வந்து கேட்டாரு, நாந்தான் வுட்டுக் குட்த்தேன்னு சொல்லிக்கீறேன். எம்பொண்ணு அவ கடையில கூட வேல செய்றவளுங்கள எல்லாம் கூப்ட்டு, தோ எங்கப்பா வரப்போறாருன்னு போன காட்டிக்கினு இருந்துச்சாம். அப்ப நீ வந்து குந்தின. அதுங்கிட்ட நா இன்னா சார் சொல்றது? குழாயாண்ட வெச்சு தேச்சாங்கன்னு சொல்றதா?”



“பொய்தான். அது என் கணக்கு, நானே ஃபாதராண்ட சொல்லிக்கிறேன்” என்றார். “நீ வந்து உன்னோடத எறக்கி வெச்சிட்டுப் போயிடுவ. அப்பால அதுங்க மூஞ்சில நா எப்டி முழிப்பேன்?”

நான் வந்தது அதற்குத்தான். என் கறையை அவர் வீட்டுக் கூடத்தில் கழுவிவிட்டு, சுத்தமாக ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழைவதற்கு. வியாழனன்று அவர் காலைத் தேய்த்த அதே அவசரத்தோடு, இன்று அவர் வீட்டில் என்னைத் தேய்த்துக்கொள்ளப் புறப்பட்டிருந்தேன். குழாயடியில்கூட அப்படி வெட்கப்பட்டதில்லை.

அப்போதுதான் அவர் மகள் அன்புக்கரசி வந்தாள். இருபது வயதிருக்கும், பக்கத்துத் தெரு ஜவுளிக்கடையின் சீருடைப் புடவை, கையில் டிபன் பாக்ஸ். மதிய இடைவேளையில் அப்பாவோடு சேர்ந்து சாப்பிடுவது வழக்கம்போலும். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். நேரலையில் என் முகம் மிகத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“நீங்கதானே சார் அது? எங்கப்பா எடத்துல குந்தினவரு?”

“ஏய், மரியாதையா பேசு” என்றார் பொன்னுரங்கம்.

“மரியாதயாத்தான் கேக்குறேன் நைனா.” அவள் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நீங்களா வந்து கேட்டீங்களாமே. நெசமா?”

பொன்னுரங்கம் கலவை இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியின் முழு விலையையும் அவர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். நான் சொல்லப்போவது பாவமா, பரிகாரமா என்று கேட்டால் தந்தைக்கே எளிதில் விடை சொல்ல வராது.

“ஆமாம்மா” என்றேன். “நான்தான் கேட்டேன். எனக்கு ரொம்ப ஆசையா இருந்தது. அவர் விட்டுக்கொடுத்தார்.”

பொன்னுரங்கம் திரும்பவில்லை. அவருடைய தோள்கள் மட்டும் சற்றே இறங்கின.

“வெக்கமாயில்ல?” என்றாள் அன்புக்கரசி. “வர்ஷம் பூரா மொத பெஞ்சுல குந்துறவங்கதானே நீங்க. எங்கப்பாவுக்கு ஒரு நாளு. அவ்ளோ பெரிய கோயில்ல உங்களுக்கு ஒக்கார வேற எடமே கெடைக்கலியா சார்?”

மண்வெட்டியோடு நின்ற இருவர் வாய்விட்டுச் சிரித்தார்கள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை, மகளைத் தடுக்கவும் இல்லை.

“இல்லைம்மா” என்றேன்.

அவள் மணல் குவியலின் மறுபக்கம் போய் டிபன் பாக்ஸைத் திறந்தாள். பொன்னுரங்கம் தொட்டி நீரில் கைகளை அலம்பிக்கொண்டு அவளுக்கெதிரே குந்தினார். நான் போகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.