ஒரே வெள்ளத்தில் வந்த கற்கள்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. யான் என்ற ஊருக்குப் போகும் பாதையோரம், ஜெராய் மலையடிவாரத்தை வெட்டிவிட்ட இடத்தில் ஒரு மண்சுவரைப் பார்த்தேன். அடியில் மாவு போன்ற சாம்பல் களிமண். அதன்மேல் திடுமென்று பாறை, கூழாங்கல், மரத்துண்டு எல்லாம் தாறுமாறாக. இப்படித் திடீர்ப் பேரழிவுகள்தான் பூமியை உருவாக்கின என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் வாதிட்டார்கள். இல்லை, எல்லாமே துளித்துளியாக, கோடி ஆண்டுகளில் நடந்தவை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் பத்தியில் ஓர் ஆள் வந்து நின்றுகொண்டான்.

2

"1943. சிடாம் கிரி ரப்பர்த் தோட்டம் விடியற்காலைப் பனியில்—"

வேண்டாம். அந்த வருஷம் பனியை யார் பார்த்தார்கள்?

பரஞ்சோதி வெள்ளைக்கார சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டு பத்து வருஷம் ஜெராய் மலையைச் சுற்றியவன். துரை ஓடிப்போனார், ஜப்பான்காரர்கள் வந்தார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். முன்னால் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இந்தத் தடவை தோட்டத்தில் அறுபது பேர். தங்கை சிகப்பியின் புருஷன் வீரசாமி பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அந்த வாரம்தான் ஜப்பானியப் பொறியாளர் ஹிராத்தா ஓடையில் கறுத்த இரும்புக்கல்லைக் கண்டெடுத்தார். பரஞ்சோதியை வரச்சொல்லி மலாயில் கேட்டார்.

"இது சிக்கிட் சிக்கிட்டா, செக்காலியா?"

சிக்கிட் சிக்கிட், அதாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததென்றால் அடியில் இன்னும் இருக்கும். சுரங்கம் தோண்டலாம், ஆட்கள் இங்கேயே வேண்டியிருக்கும். செக்காலி, ஒரே தடவையில் வந்ததென்றால் மேலே கிடப்பதோடு சரி.

பரஞ்சோதிக்குப் பதில் தெரியும். ஒரே மத்தியானத்தில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, எருமை அளவுப் பாறைகளை வயலில் போட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் கண்டவன் அவன். இவையும் அப்படி வந்த கற்கள்தான்.

"சிக்கிட் சிக்கிட், துவான்," என்றான். "கீழே நிறைய இருக்கு."

[இவ்வளவு சீக்கிரம் பொய் சொல்வானா? ஒரு பிரதியில் அவனை ஒரு பக்கம் முழுக்க யோசிக்க வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். ஹிராத்தா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்க எங்கே நேரம்?]

3

சுரங்கத்துக்கு நாற்பது பேர் போதும் என்றார் ஹிராத்தா. பெயர்களைப் பரஞ்சோதியே சொல்ல வேண்டும். முதல் பெயர் வீரசாமி. மற்ற முப்பத்தொன்பதையும் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. மீதி இருபது பேர் சயாமுக்கு லாரி ஏறினார்கள். அடுத்த வீட்டு அழகேசனும் ஏறினான்.

அழகேசனின் மனைவி பாப்பம்மா வந்து வழியை மறித்தாள். "அண்ணே, நாப்பத்தொரு பேர் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

[இதற்கு அவன் என்ன சொன்னான் என்று ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஐந்திலும் அவன் பேசப்பேச எனக்கே அவன்மேல்—]

அவன் அவளை விலக்கிக்கொண்டு நடந்தான். அன்றிலிருந்து சுற்றுவழியில் வேலைக்குப் போனான்.

4

ஏழாவது வாரம். குழி இருபதடி ஆழம். கறுத்த கல் மூன்றாம் வாரமே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பரஞ்சோதிதான் ஓடையில் பொறுக்கிய கற்களைச் சாப்பாட்டுத் தூக்கில் கொண்டுவந்து குழிக்குள் புதைத்து வைத்தான்.

"மச்சான், வெறும் களிமண்ணுலா," என்றான் வீரசாமி, நிமிராமல்.

"வாய மூடிக்கிட்டு வெட்டுங்க மாப்பிள்ளை."

அன்று காலை ஹிராத்தா பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கினார். களிமண்ணைக் கிள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். ஒரு கறுத்த கல்லை எடுத்தார். இருபதடி ஆழத்துக் கல்லில் ஓடைப்பாசி பச்சையாக ஒட்டியிருந்தது.

"செக்காலி," என்றார் மெதுவாக. அது கேள்வியாக இல்லை.

மேலே மண்வெட்டிச் சத்தம் நின்றது. வீரசாமி குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான்.

"இன்னும் பத்தடி, துவான்," என்றான் பரஞ்சோதி.

5

ஒரு முடிவில் ஹிராத்தா அறைகிறார். மறுநாள் நாற்பது பேரும் லாரியில். இன்னொன்றில், அவருக்கும் ஊரில் ஒரு தங்கை இருப்பதாக— கூச்சத்தோடு கிழித்துப்போட்டேன். வேறொன்றில் வீரசாமியின் மண்வெட்டி உயர்கிறது. அதற்கப்புறம் தோட்டத்தில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான்: ஹிராத்தா கட்டைவிரலால் அந்தப் பாசியைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பென்சிலை நக்கினார். பரஞ்சோதிக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. எனக்கும் தெரியாது.

பென்சிலை உங்களிடம் தருகிறேன். சிக்கிட் சிக்கிட்டா, செக்காலியா, ஒரு வார்த்தை எழுதினால் போதும். எழுதும்போது தலையை மட்டும் நிமிர்த்தாதீர்கள். குழியின் விளிம்பில் எல்லோரும் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.